சௌனாவில் இரண்டாவது ஆள்

"திருடன் நல்லா வளர்ந்த பிள்ளை, தலைவி," என்றான் ஓஸ்ஸி. "ஷூவைக் கழட்டி வெச்சுட்டுத்தான் திருடவே போயிருக்கான்."

அவனுடைய முதலாளி ரௌனி ஏரிக்கரை வீட்டின் முன்னறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுங்கத் துறையில் இருபது வருஷம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே பழகியவள். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. போன சனிக்கிழமை மழையா பனியா என்று முடிவு செய்யத் தெரியாமல் வானம் இரண்டையும் கலந்து கொட்டியிருந்தது. அன்றைக்கு வெளியிலிருந்து வந்த எவனும் பாதிக் காட்டைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் சேறு வாசல் மிதியடியோடு நின்றுவிட்டது. அதைத் தாண்டிப் பலகையில் ஒரு பொட்டு கூட இல்லை.

வீட்டுக்காரரான அமைச்சரே துடைத்திருப்பாரோ என்று கேட்டுவிட்டு, பதிலையும் ஓஸ்ஸியே சொல்லிக்கொண்டான். சமையலறைத் தொட்டியில் மீன் பொரித்த வாணலி கழுவாமல் கிடந்தது. வாணலியைக் கழுவாதவர் தரையைத் துடைப்பாரா என்ன?

"நம்ம நாட்டுல ஷூவோட வீட்டுக்குள்ள போறவங்க ரெண்டே பேர்தான்," என்றாள் ரௌனி. "தீயணைக்கிறவன், திருடன். இங்க தீ பிடிக்கலை."

"அப்போ வந்தது?"

"ஷூவைக் கழட்டுறவன் திருடன் இல்லை ஓஸ்ஸி. விருந்தாளி."

விஷயம் இதுதான். வீடு தகவல் தொடர்பு அமைச்சர் ஐரா ஹெல்ஸ்டனுடையது. வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்த பெண். எந்தக் கம்பெனிக்கு எந்த அலைக்கற்றை, எந்தக் குன்றில் எந்தக் கோபுரம் என்பதெல்லாம் பத்து வருஷமாக அவர் பேனா முனையில் நடக்கிற காரியம். அவருடைய புதுச் சட்டத்துக்கு உயிர்நாடி ஒரே ஒரு விதி. ஊர்க்காரர்கள் அதற்கு 'கடைசி வீட்டு விதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அலைக்கற்றை வாங்குகிற கம்பெனி வடக்குக் கோடியிலும் தீவுகளிலும் இருக்கிற கடைசி வீட்டுக்கு முதலில் இணைப்புக் கொடுத்துவிட்டுத்தான் ஹெல்சிங்கியில் கடை விரிக்க வேண்டும். கம்பெனிகளுக்கு அது வேப்பங்காய். கூட்டணிக் கட்சிகள் ரகசியமாகக் கூடிப் பேசி, சத்தமில்லாமல் அந்த விதியைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தன. அந்த முடிவின் பிரதியோடு அமைச்சர் சனிக்கிழமை இந்த வீட்டுக்கு வந்தார். திங்கட்கிழமை காலையில் அது பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. நாடே கொதித்தது.

யார் கொடுத்தது? பாதுகாப்புத் துறைக்காரர்கள் வந்து கேட்டார்கள். அமைச்சர் மூன்றே வாக்கியம் சொன்னார். தனியாகத்தான் ஏரிக்கரைக்குப் போனேன். சௌனாவில் ஆவிக் குளியல் எடுத்த நேரத்தில் காகிதம் வீட்டு மேசையில் இருந்தது. வீட்டுச் சாவி இன்னொன்று என் ஆலோசகர் இல்மோவிடம் இருக்கிறது. அவ்வளவுதான். பூட்டு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை. சனிக்கிழமை மாலை இல்மோ எங்கே இருந்தார் என்பதற்கு அவருடைய நாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இல்மோ வக்கீல் ஆபீஸ் காலத்திலிருந்து ஐராவின் பையைத் தூக்கியவர், பேச்சை எழுதியவர். அந்த விதியை வைப்பதா கழற்றுவதா என்று இன்றைக்கு இரண்டு மணிக்கு சபையில் வாக்கெடுப்பு. அதற்கு முன்னால் அமைச்சர் எழுந்து, துரோகி இன்னார்தான், நீக்கிவிட்டேன் என்று அறிவிக்க வேண்டும் என்பது கூட்டணியின் நிபந்தனை. நேற்று இல்மோ ரௌனியின் ஆபீஸில் உட்கார்ந்து, வேலை போனால் போகட்டும், இந்தப் பெயரோடு என்னால் தெருவில் நடக்க முடியாது என்று சொன்னபோது கண் கலங்கிவிட்டது. சிரிக்கிற பெண்ணையும் அழுகிற ஆணையும் நம்பக்கூடாது என்பது ஓஸ்ஸியின் கட்சி. காலையிலிருந்து இரண்டு தடவை அதைச் சொல்லியாகிவிட்டது.

தேடிப் பார்க்க அமைச்சரே அனுமதி கொடுத்திருந்தார். தாராளமாகப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது என்று தொலைபேசியில் சொன்ன குரலில் கொஞ்சமும் பதற்றம் இல்லை. அந்தப் பதற்றமின்மையே ரௌனிக்கு உறுத்தியது.

சௌனா வீட்டுக்குக் கீழே, தண்ணீரை ஒட்டி இருந்தது. கரி படிந்த சின்ன மரக்குடில். அதன் தாழ்வாரத்து ஆணிகளில் ஆவியில் உட்காரும்போது பலகையில் விரிக்கிற லினன் துணிகள் காயப் போட்டிருந்தன. ஒன்றல்ல, இரண்டு.

"ஒண்ணு உட்கார, இன்னொண்ணு சாஞ்சுக்க," என்றான் ஓஸ்ஸி. "அமைச்சர்னா அவ்வளவு வசதி கூட இல்லாமலா?"

ரௌனி குடிலுக்குள் போய் மரவாளியை எடுத்து வந்து அவன் காலடியில் வைத்தாள். உள்ளே குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்கிற பிர்ச் இலைக் கொத்துகள் இரண்டு. இரண்டும் அடித்து அடித்து இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றன. கோடையில் வெட்டிக் கட்டி, குளிர்பெட்டியில் போட்டு வைத்து, இலையுதிர்காலத்தில் ஒவ்வொன்றாகக் கஞ்சத்தனமாக எடுக்கிற சரக்கு அது. தனியாகக் குளிக்கிறவர் யாரும் இரண்டை எடுக்க மாட்டார்.

ஓஸ்ஸி வாளியைப் பார்த்தான். "ஒருத்தி ரெண்டு கையிலயும் கொத்தைப் பிடிச்சுத் தன்னைத்தானே அடிச்சுக்கிட்டா அது குளியல் இல்லை தலைவி, பிராயச்சித்தம்."

"அதனால, கூட ஒரு ஆள் இருந்திருக்கு. சட்டம் பேசற அமைச்சரா இருந்தாலும் தன்கிட்ட வேலை பார்க்கிற ஆம்பளையோட ஆவியில உட்கார மாட்டாங்க. சௌனாவுல பொம்பளைங்க முறை வேற, ஆம்பளைங்க முறை வேற. அப்போ அந்த ஆள்?"

"பொம்பளை," என்றான் ஓஸ்ஸி. பிறகு சந்தேகம் வந்தது. அவர்கள் இருவரும் இங்கே ஆவியில் உட்கார்ந்திருந்தபோது இல்மோ சாவி போட்டு வீட்டுக்குள் வந்திருக்கலாமே? பழகின வீடு, ஷூவையும் கழற்றியிருப்பாரே?

ரௌனி அதை மறுக்கவில்லை. வந்திருக்கலாம். ஆனால் சாட்சி சொல்ல ஒரு பெண் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள், அமைச்சர் அவளைப் பற்றி ஏன் மூச்சு விடவில்லை? பாதுகாப்புத் துறைக்காரர்கள் பூட்டைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், காயப் போட்ட துணியை மட்டும் பார்க்கவில்லை. அமைச்சரும் அதை எடுத்து ஒளிக்க நினைக்கவில்லை. குளித்தால் துணியை ஆணியில் மாட்டுவது இந்த ஊரில் மூச்சு விடுவது போல. மாட்டியவருக்கே ஞாபகம் இருக்காது.

திரும்பி வரும்போது ஓஸ்ஸிதான் காரை ஓட்டினான். பாதி வழியில் கேஸை முடித்தே விட்டான். அமைச்சகத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரு வரவேற்பாளர் இருந்தார். தொலைத்தொடர்பு ஆணையத்தின் தலைவி மெர்வி வெள்ளிக்கிழமை மாலை ஐராவின் அறையில் தொண்டை கிழியக் கத்தினாராம். கடைசி வீட்டு விதியை விட்டுக்கொடுத்தால் நீ மனுஷியே இல்லை என்றாராம். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துத் தோழிகள். சமாதானம் பேச ஐரா சௌனாவுக்குக் கூப்பிட்டிருப்பார், மெர்வி குளித்துவிட்டு வீட்டுக்குள் போய் மேசையைப் பார்த்திருப்பார், போனில் ஒரு படம் எடுத்திருப்பார். தோழியைக் காப்பாற்ற ஐரா வாயை மூடிக்கொண்டார்.

"ஆள் இருக்கு, காரணம் இருக்கு, வாய்ப்பு இருக்கு," என்றான் ஓஸ்ஸி. "போற வழியில பன்னு வாங்கிக் கொடுத்தீங்கன்னா நானே கைது பண்ணிடறேன்."

பன் கிடைத்தது. கைதுதான் நடக்கவில்லை. ஆணையத்தின் மாடியில் மெர்வி கதவைத் திறந்தபோது அவருடைய வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஐராவிடம் கத்திவிட்டுக் கோபத்தோடு டிராமைப் பிடிக்க ஓடி, நிறுத்தத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். ஓஸ்ஸி கட்டை உற்றுப் பார்த்தான். அதன் மேல் பேரப்பிள்ளைகள் கிறுக்கிய பூனைகள் இருந்தன.

"தட்டிப் பார்க்கணுமா?" என்று கையை நீட்டினார் மெர்வி.

புது மாவுக்கட்டோடு சௌனாவுக்குப் போகிற பைத்தியம் இந்த நாட்டில் கூடக் கிடையாது. ஓஸ்ஸி அசடு வழிந்தான். ரௌனி மட்டும் உட்கார்ந்து, அந்தச் சண்டையில் ஐரா என்ன பதில் சொன்னார் என்று கேட்டாள்.

மெர்வி கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். ஐரா ஒரு பதிலும் சொல்லவில்லை, அதுதான் தனக்குப் பொறுக்கவில்லை. ஐரா வக்கீலாக இருந்தபோது வடக்குக் கோடியில் ஒரு கிராமத்து நர்ஸுக்காக வாதாடியவர். நோயாளிக்கு மூச்சு நின்றுபோக, போனில் சிக்னல் கிடைக்க நர்ஸ் பனியில் குன்றின் மேல் ஏறியிருக்கிறாள். இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குடும்பத்தார் நர்ஸ் மேல் வழக்குப் போட்டார்கள். ஐரா தோற்றார். அங்கே இணைப்புக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லாததால் கம்பெனியைத் தொடக்கூட முடியவில்லை. அந்தச் சட்டத்தை எழுதத்தான் அவர் தேர்தலில் நின்றார்.

"அந்த விதிக்காகத்தான் அவ அரசியலுக்கே வந்தா," என்றார் மெர்வி. "அதைக் கழட்டறோம்னு கூட்டணிக்காரங்க சொன்னப்போ தலையை ஆட்டிட்டு காகிதத்தைப் பையில வெச்சுக்கிட்டா. என் ஐரா இல்லை அது."

படியிறங்கும்போது ஓஸ்ஸிக்கு உலகத்தில் யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. மெர்வி இல்லை என்றால் எந்தப் பெண்? இரண்டு மணிக்கு அதிக நேரம் இல்லை. ரௌனியோ அவசரமே இல்லாமல் பத்திரிகை ஆபீஸுக்குப் போன் போட்டாள். செய்தியை எழுதிய ஸைமி என்ற நிருபரைப் பிடித்து, இல்மோ விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும், சபைக் கட்டடத்துக் காப்பிக் கடைக்கு வர முடியுமா என்றாள்.

"அந்தம்மா செய்தி கொடுத்தவன் பேரைச் சொல்லவே மாட்டாங்க," என்றான் ஓஸ்ஸி. "சட்டமே அவங்க பக்கம். ஜெயில்ல போட்டாலும் சொல்ல வேண்டியதில்லை."

"நான் கேட்கவே போறதில்லை."

காப்பிக் கடையில் வாக்கெடுப்பு நாளுக்கே உரிய நெரிசல். உறுப்பினர்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். ரௌனி ஒரு மேசையைப் பார்த்துப் பிடித்து, ஸைமியை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். ஸைமி மேற்குக் கரையோரத்துப் பண்ணை வீட்டுப் பெண். நேராக நிமிர்ந்து உட்காருவார், அளந்து பேசுவார். இல்மோவைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். ரௌனி இல்மோவின் இரண்டு பெண் குழந்தைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எந்தப் பள்ளிக்கூடம், அங்கே மற்றப் பிள்ளைகள் இந்த வாரம் என்ன கேட்டார்கள், சின்னவள் ஏன் நேற்றுப் பள்ளிக்குப் போகவில்லை. ஸைமி காப்பியைக் குடிக்கவில்லை. கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

சபை கூடுகிற நாளில் ஐரா ஹெல்ஸ்டன் உள்ளே போகும் முன் இங்கே வந்து கறுப்புக் காப்பி குடிப்பார் என்பதை இல்மோ முன்பே சொல்லியிருந்தார். அப்படியே வந்தார். உயரமான பெண்மணி, நரையைச் சாயம் பூசி மறைக்காதவர். கோப்பையோடு அந்த மேசையைக் கடக்கும்போது ரௌனி எழுந்து நின்று பெயர் சொல்லி வணக்கம் வைத்தாள். அமைச்சர் நின்றார். மேசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒரு நிருபரைப் பார்த்தால் அமைச்சர் எப்படித் தலையசைப்பாரோ அப்படித் தலையசைத்தார்.

"வணக்கம் ஸைமி."

ஸைமி திடுக்கிட்டு எழுந்தார். வாய் தானாகத் திறந்தது.

"வணக்கம் ஐரா. போன தடவைக்கு நன்றி."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துபோனார். ஒருவர் வீட்டில் உப்புத் தின்றவர் மறுபடி அவரை முதன்முதலாகச் சந்திக்கும்போது அந்த நன்றியைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதவளை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். நடக்கப் பழகும்போதே நாக்கில் ஏறிவிடுகிற வாக்கியம் அது. ஆபீஸில் பேட்டி எடுத்தவருக்கோ, மேடைக்குக் கீழே நின்று கேள்வி கேட்டவருக்கோ யாரும் அதைச் சொல்வதில்லை. விருந்து கொடுத்தவருக்குத்தான் சொல்வார்கள்.

அமைச்சர் காப்பியைக் குடிக்காமலே மேசையில் வைத்தார்.

"என் அறைக்கு வாங்க," என்று ரௌனியிடம் சொன்னார்.

நடைபாதையில் போகும்போது ஓஸ்ஸி குசுகுசுவென்று கேட்டான். ஸைமிதான் என்று எப்போது தெரியும்? மாவுக்கட்டைப் பார்த்த பிறகு, அந்தக் காகிதத்தோடு சம்பந்தப்பட்ட பெண் செய்தி எழுதியவளைத் தவிர வேறு யாரும் மிஞ்சவில்லை என்றாள் ரௌனி. விருந்தாளிக்குத் திருட வேண்டிய அவசியம் இல்லை, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் திருட்டே நடக்கவில்லை, கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் வீட்டுக்காரர். ஓஸ்ஸி நடையை நிறுத்திவிட்டான். காலையிலிருந்து இல்மோவைச் சந்தேகப்பட்டான், மெர்வியைச் சந்தேகப்பட்டான், தேடிப் பார்க்க அனுமதி கொடுத்தவரை மட்டும் சந்தேகப்படவில்லை.

அமைச்சரின் அறையில் ஐரா உட்காரவில்லை. கதவை முழுசாகச் சாத்தவும் இல்லை.

"நான் யார்கிட்டயும் ஒரு பொய் கூடச் சொல்லலை," என்றார். "அதைக் கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். தனியாப் போனேன்னு சொன்னீங்க, தனியா இருந்தேன்னு சொல்லலை. இல்மோகிட்ட சாவி இருக்குன்னு சொன்னீங்க, அவர் வந்தார்னு சொல்லலை. நல்ல வக்கீல் நீங்க. மீதியை அவங்களே கட்டிக்கிட்டாங்க."

ஐரா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே டிராம் போகிற சத்தம் கேட்டது. அவர் பேசியபோது வக்கீல் குரல் இல்லை. கூட்டணி அந்த விதியைக் கழற்றிவிட்டால் இன்னும் பத்து வருஷத்துக்கு அதை யாரும் தொட மாட்டார்கள். வெளியே சொன்னால் ஜனங்கள் காப்பாற்றுவார்கள் என்று தெரிந்தது. தானே மேடையேறிச் சொன்னால் அன்றே பதவி போய், சட்டமும் கூடவே போகும். அதனால் ஸைமியை ஆவிக் குளியலுக்குக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். பழி இல்மோ மேல் விழும் என்று அப்போது நினைக்கவில்லை. விழுந்த பிறகு எடுத்துவிட மனசு வரவில்லை.

"வாக்கெடுப்பு முடியட்டும்," என்றார். "முடிஞ்ச கையோட நானே சொல்லிடறேன். அவன் பேரை நானே கழுவிடறேன். இப்போ சொன்னா நான் போறேன், விதியும் போகலாம். ரெண்டு மணி நேரம் அவன் பொறுத்துக்கிட்டா போதும். இல்மோ புரிஞ்சுப்பான்."

"புரியுது," என்றது ஒரு குரல்.

சாத்தாத கதவுக்கு அந்தப் பக்கம், முன்னறையில், கோட்டோடு இல்மோ நின்றிருந்தார். வேலைநீக்கக் கடிதத்தை நேரில் கொடுக்க வேண்டும் என்று ஐராவே வரச் சொல்லியிருப்பதாக நேற்று அவர் சொன்னது ஓஸ்ஸிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அந்த விதியோட ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதினது ஐரா," என்றார் இல்மோ. கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க சனிக்கிழமை எனக்குப் போன் பண்ணி, இல்மோ, இப்படிப் பண்ணப்போறேன், பழியை நீ ஏத்துக்கிறியான்னு கேட்டிருந்தா ஏத்துக்கிட்டிருப்பேன். என் பொண்ணுங்ககிட்டயும் விளக்கியிருப்பேன். நீங்க கேட்கலை."

ஓஸ்ஸிக்கு ஐரா மேல் பரிதாபமாகக் கூட இருந்தது. இல்மோ மேல் அதைவிட அதிகமாக.

சபை கூடுகிற மணி அடித்தது. ஐரா மேசையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். பிறகு, பழக்கமோ என்னவோ, பதினைந்து வருஷமாகக் கேட்ட கேள்வியையே இல்மோவிடம் கேட்டார்.

"எப்படிச் சொல்லணும்?"

இல்மோ யோசித்தார். "சின்னதா. 'பத்திரிகைக்குக் கொடுத்தது நான், இல்மோ இல்லை.' அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். காரணம் சொல்லாதீங்க. நர்ஸ் கதையைச் சொல்லாதீங்க. சொன்னா அது உங்களைக் காப்பாத்திக்கிற மாதிரி ஆயிடும்."

"விதி?"

"அது நல்ல விதியா இருந்தா தானா நிற்கட்டும்."

நடைபாதையில் மாட்டியிருந்த திரையில் மூன்று பேரும் பார்த்தார்கள். ஐரா ஹெல்ஸ்டன் அமைச்சர்கள் வரிசையிலிருந்து எழுந்தார். இல்மோ சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னார். சபையில் கூச்சல் கிளம்பியது. பிரதமர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. காகிதங்களை அப்படியே விட்டுவிட்டு, வரிசையை விட்டு இறங்கி, நடுவில் இருந்த தன் பழைய உறுப்பினர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அமைச்சர் பதவி போனாலும் உறுப்பினர் பதவி போகவில்லை, ஒரு ஓட்டு இன்னும் கையில் இருந்தது. சபாநாயகர் மேசையைத் தட்டித் தட்டி அடக்கினார். பிறகு பொத்தான்களை அழுத்தச் சொன்னார்.

கடைசி வீட்டு விதி தப்பியது. அதைக் கழற்றியவன் என்ற பெயரோடு ஊருக்குத் திரும்ப அன்றைக்கு முக்கால்வாசிப் பேருக்குத் துணிச்சல் இல்லை. ஓஸ்ஸி இல்மோவின் முதுகில் ஓங்கித் தட்டி, உங்களை இரண்டு தடவை சந்தேகப்பட்டேன், மன்னிச்சுக்குங்க என்றான். இல்மோ சிரித்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்த ஓஸ்ஸிக்கு நெஞ்சு லேசானது.

அப்போது இல்மோவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் ஐராவின் பெயர். சிரிப்பு மெல்ல அடங்கியது. போனைக் கையில் பிடித்தபடியே அவர் நின்றார். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலையா?" என்றாள் ரௌனி.

"எடுப்பேன்," என்றார் இல்மோ. "இன்னிக்கு முடியாது."

அவர் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினார்.